தனியே கேட்கவேண்டிய கேள்வி

கத்தோலிக்கத் திருமணச் சடங்கில் பெண்ணைத் தாரைவார்ப்பது கிடையாது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற நம் பெண்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். மகளை அப்பா கைப்பிடித்து நடுப்பாதையில் அழைத்து வருவார், பீடத்தின் முன் காத்திருக்கும் மாப்பிள்ளையிடம் அவள் கையை ஒப்படைப்பார், அவர் கண்கள் கலங்கும், கேமரா அந்தக் கண்களை நெருங்கும். எத்தனையோ கல்யாணங்களில் பார்த்த காட்சி இது. ஆனால் 1969இல் திருத்தி வெளியிடப்பட்ட உரோமைத் திருமணச் சடங்குநூலில் இந்தக் காட்சிக்கு இடமில்லை. குருவானவர் வாசலுக்கு வந்து மணமகன், மணமகள் இருவரையும் வரவேற்கலாம். பவனியில் பீடப் பணியாளர்கள் முன்னே போக, குரு அடுத்து வர, அவருக்குப் பின் இருவரும் சேர்ந்து வருவார்கள். உள்ளூர் வழக்கப்படி பெற்றோரும் சாட்சிகளும் உடன் வரலாம். அவ்வளவுதான். இந்தப் பெண்ணைக் கொடுப்பவர் யார் என்று கேட்கிற கேள்வி, 1549இல் வந்த இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டு நூலுக்கு உரியது.

அப்படியானால் அந்தக் காட்சி நம் கோயில்களுக்குள் எப்படி வந்தது? பாதி ஆங்கிலேயரிடமிருந்தும் அவர்களுடைய சினிமாவிலிருந்தும் வந்தது. மீதிப் பாதி எங்கிருந்தும் வரவேண்டிய தேவையே இருக்கவில்லை. கன்னிகாதானம் என்ற பெயரில் அது நம் ஊரில் ஏற்கெனவே இருந்தது. கத்தோலிக்கச் சடங்குக்கு வெளியே நிற்கும் இரண்டு வழக்கங்கள் கத்தோலிக்கக் கோயிலின் நடுப்பாதையில் கைகோத்துக்கொண்டன. இரண்டுக்கும் பொதுவானது, பெண் ஒரு ஆணிடமிருந்து இன்னொரு ஆணுக்குக் கைமாறுகிற பொருள் என்கிற எண்ணம்.

திருச்சபைச் சட்டம் இதற்கு நேரெதிரான ஒன்றைச் சொல்கிறது. திருமணத்தை உண்டாக்குவது இருவரின் ஒப்புதல். அந்த ஒப்புதலை அவர்களுக்குப் பதிலாக எந்த மனித அதிகாரமும் கொடுக்க முடியாது. குரு திருமணத்தைச் செய்துவைப்பவரல்லர். இருவரின் ஒப்புதலைத் திருச்சபையின் பெயரால் கேட்டுப் பெறுபவர். அப்பா, ஊர்ப் பெரியவர், பங்குப் பேரவை, எவருக்கும் அந்த இடத்தில் வேலையில்லை. இப்படியொரு சட்டத்தைக் கையில் வைத்திருக்கும் சமூகம், அதன் மிகப் பழமையான கோயில்களில் நடத்தும் கல்யாணங்களில் அந்த ஒப்புதலை எங்கே வைத்திருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

பட்டியலில் என்ன இருக்கிறது

சாந்தோம் பேராலயம், தூத்துக்குடி பனிமய மாதா கோயில், புதுச்சேரி இருதய ஆண்டவர் கோயில் போன்ற ஓரிடத்தில் கல்யாணம் வைக்க நினைக்கும் குடும்பத்தின் பட்டியலைப் பார்ப்போம். முதலில் தேதி. தவக்காலத்தையும் திருவருகைக் காலத்தையும் விடவேண்டும். வேதத்துக்கு வந்து தலைமுறைகள் ஆன பிறகும் ஆடியையும் மார்கழியையும் விடுகிற வீடுகள் உண்டு. மிஞ்சிய நாட்களில் கோயில் கிடைத்தால் மண்டபம் கிடைக்காது. அடுத்து தாள்கள்: திருமுழுக்குச் சான்று, உறுதிப்பூசுதல் சான்று, சொந்தப் பங்கு வேறாக இருந்தால் அங்கிருந்து அனுமதிக் கடிதம், திருமணத் தயாரிப்பு வகுப்புக்குப் போய்வந்த சான்று. பிறகு மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கவேண்டும். பிறகு பாடகர் குழு, பூ, நடுப்பாதைக்குக் கம்பளம், வழிபாட்டுப் புத்தகம், கேமராவை எங்கே நிறுத்தலாம், பீடத்துக்கு எவ்வளவு அருகில் போகலாம் என்று பங்குத்தந்தையுடன் ஒரு வாக்குவாதம்.

இந்தப் பட்டியலைச் சுமப்பவர்கள் பெண்கள். பங்கு அலுவலகத்துக்கு அலைவது மகள், பூக்காரரிடம் பேசுவது அம்மா, பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பது சித்தியோ அக்காவோ. எவ்வளவு நகை, எந்த ஊர்ச் சம்பந்தம், யார் பெயர் அழைப்பிதழில் முதலில் என்பவற்றை முடிவு செய்பவர்கள் வேறு. வேலை ஒரு பக்கம், முடிவு மறுபக்கம் என்கிற இந்தப் பிரிவினை எல்லாக் கல்யாணங்களுக்கும் பொதுவானதுதான். பழமையான கோயில் அதோடு இன்னொன்றைச் சேர்க்கிறது. இந்த நீண்ட கூடம் வழிபடும் மக்களும் பவனிகளும் நிறைவதற்காகக் கட்டப்பட்டது. இன்று அதன் நீளம், ஒரு பெண் எல்லாராலும் பார்க்கப்படுவதற்கான தூரமாகிவிட்டது. எத்தனை அடி நடக்கிறாளோ அத்தனை அடிக்கும் அவளுடைய நிறம், உடம்பு, நகை, முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்பது எல்லாம் எடைபோடப்படும். மாப்பிள்ளை ஏற்கெனவே பீடத்தருகே நிற்கிறான். அவன் நடந்து வந்ததை யாரும் பார்ப்பதில்லை.

சுவர் போனது, ஓலை இருக்கிறது

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் திருக்குடும்ப ஆலயம் இருக்கிறது. 1872இல் கட்டப்பட்டபோது அதற்கு ஒரு கூடம் இல்லை, இரண்டு. ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கால்களாகப் பிரிந்து நிற்கும் கட்டடம். வெள்ளாளர் ஒரு கூடத்தில், நாடார் மறு கூடத்தில். கால்சட்டைக் கோயில் என்று கேலியாகச் சொல்லும் அளவுக்கு அந்த வடிவம் பேர்பெற்றது. 1910இல் தடுப்பு இடிக்கப்பட்டது. சுவர் வேண்டும் என்று வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர்நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள்.

கட்டடத்தில் சுவர் இடிந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. கல்யாணத்தில் இடிந்ததா? மணமக்கள் தேவை விளம்பரங்களைப் புரட்டினால் ஆர்.சி. என்ற இரண்டு எழுத்துக்கு அடுத்த சொல் சாதியின் பெயராக இருக்கும். சாதியின் சாரமே அகமணம்தான் என்றும், அது பெண்ணைக் கட்டுப்படுத்தித்தான் நிலைக்கிறது என்றும் அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையிலேயே காட்டினார். பூசை கேட்க ஒரே கூடத்தில் உட்காரலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. யாருடைய மகளை யார் கட்டலாம் என்பதில் எந்த நீதிமன்றத் தீர்ப்பும் வீட்டுக்குள் நுழையவில்லை. கல்லால் கட்டிய சுவரைவிட மகளைக் கொண்டு கட்டும் சுவர் உறுதியானது.

இங்கேதான் ஓலையைப் பற்றிப் பேசவேண்டும். 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம், பங்குக் குருவும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இல்லாத திருமணம் செல்லாது என்று விதித்தது. அதற்குமுன் மூன்று முறை அறிவிக்கவேண்டும் என்றும் சொன்னது. ஏற்கெனவே மனைவி உள்ளவன் இன்னொரு பெண்ணை இரகசியமாகக் கட்டி ஏமாற்றுவதைத் தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. பெண்களுக்கு அது பாதுகாப்பு. அதே சங்கத்தில், பெற்றோரின் சம்மதம் இல்லாத திருமணத்தைச் செல்லாததாக்க வேண்டும் என்று பிரெஞ்சுத் தரப்பு அழுத்தியது. சங்கம் மறுத்தது. பெற்றோர் சம்மதிக்காததால் மட்டும் திருமணம் செல்லாது என்று சொல்பவர்களைக் கண்டிக்கவும் செய்தது. நானூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன், முழுக்க ஆண்களே கூடிய சபை எடுத்த முடிவு இது.

இன்று நம் பங்குகளில் அந்த முடிவு தலைகீழாகிவிட்டது. பெற்றோர் இல்லாமல் கல்யாணம் பேச வருகிற பெண்ணிடம் முதலில் கேட்கப்படுவது, வீட்டில் தெரியுமா என்பது. சாதி மாறிக் கட்ட நினைப்பவர்களுக்கு மூன்று ஞாயிறு ஓலை என்பது, உறவுக்காரர்கள் ஆள் திரட்ட மூன்று வாரக் கெடு. 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் முப்பது நாள் அறிவிப்பு செய்கிற அதே தீங்கு. ஓலையிலிருந்து விலக்குத் தர ஆயருக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரம் இருக்கிறது என்பதை அந்தப் பெண்ணுக்கு யார் சொல்கிறார்கள்?

தாலியின் மேல் உருவம்

திருமணத்தின் உச்சம் எது என்று பாடகர் குழுவைக் கேட்டால் தாலி கட்டும் நேரம் என்பார்கள். மணி அடிப்பது, பாட்டு உயர்வது, கேமராக்காரர் ஓடுவது எல்லாம் அப்போதுதான். ஆனால் அதற்குச் சற்று முன்பே, இருவரும் ஒரே சொற்களால் வாக்குக் கொடுத்த கணத்தில், திருமணம் முடிந்துவிட்டது. இருவரின் வாக்கும் ஒன்றே. மோதிரமும் இருவருக்கும் உண்டு. தாலி ஒருவருக்கு மட்டும்.

இந்தத் தாலியைப் பற்றித் திருச்சபை கடுமையாகச் சண்டை போட்டிருக்கிறது. புதுச்சேரிக்கு வந்திருந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன், 1704இல் மலபார் சடங்குகளுக்கு எதிராக ஓர் ஆணை பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது என்றார். பெண் பூப்பெய்தியதைக் கொண்டாடும் சடங்கு கூடாது என்றார். மாதவிலக்கான பெண்களைக் கோயிலுக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் வரவிடாமல் தடுப்பதும் கூடாது என்றார். அந்த ஆணை காலனியத் திமிரோடு எழுதப்பட்டதுதான். ஆனால் விலக்கான பெண்ணைத் தடுக்காதே என்ற ஒரு வரி, நம் வீடுகளில் பலவற்றுக்கு இன்றும் தேவைப்படுகிறது.

அந்தச் சண்டையில் ஒரு பக்கம் சேசு சபையார், மறுபக்கம் உரோமை. விவாதப்பொருள் பெண்ணின் கழுத்தும் பெண்ணின் இரத்தமும். அதில் பேசிய பெண் ஒருத்தியும் இல்லை. முடிவில் பிள்ளையார் போய்ச் சிலுவை வந்தது, பிறகு புறாவும் வந்தது. கயிற்றின் மேல் எந்தத் தெய்வம் என்பதுதான் வழக்காக இருந்தது. கயிறு ஏன் ஒரு கழுத்தில் மட்டும் என்று எவரும் கேட்கவில்லை. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருமணச் சடங்கில் மணப்பெண்ணுக்குரிய ஆசிமொழியைத் திருத்தி, நம்பிக்கையாய் இருக்கும் கடமை இருவருக்கும் சமம் என்று தெளிவாக்கச் சொன்னது. அந்தச் சமம் வாக்கில் வந்துவிட்டது, மோதிரத்தில் வந்துவிட்டது. தாலி மந்திரிக்கும் இடத்துக்கு மட்டும் இன்னும் வரவில்லை.

பத்து நிமிடம்

1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 1020ஆம் எண் விதி இருக்கிறது. திருமணத்துக்கு முன் பங்குக் குரு மணமகனையும் மணமகளையும் தனித்தனியே, கவனமாக விசாரிக்கவேண்டும். சுதந்திரமாகச் சம்மதிக்கிறார்களா என்று கேட்கவேண்டும். அங்கே இரண்டு இலத்தீன் சொற்கள் செருகப்பட்டிருக்கின்றன: குறிப்பாகப் பெண் என்று பொருள்படும் சொற்கள். வற்புறுத்தப்படுபவள் பெரும்பாலும் பெண்தான் என்று அந்தச் சட்டத்தை எழுதிய குருக்களுக்குத் தெரிந்திருந்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு, விசாரணையின் முறையை அந்தந்த நாட்டு ஆயர் பேரவைக்கு விட்டுவிட்டது. விசாரணை நிற்கவில்லை, படிவமாக இருக்கிறது.

படிவம் எப்படி நிரப்பப்படுகிறது? உபதேசியார் எழுதுகிறார். அப்பா பக்கத்து நாற்காலியில். மாப்பிள்ளை வீட்டார் வராந்தாவில். முழுச் சம்மதமா அம்மா என்ற கேள்விக்கு அவள் தலையசைக்கிறாள், அல்லது அப்பா பதில் சொல்கிறார். கையெழுத்து. அடுத்த ஆள். கதவைச் சாத்தி, எல்லாரையும் வெளியே அனுப்பி, நேரம் எடுத்துக் கேட்கிற குருக்களும் இருக்கிறார்கள். ஆனால் அது அந்தந்தக் குருவின் நல்ல குணமாக இருக்கிறதே தவிர, பெண் கேட்டுப் பெறும் உரிமையாக இல்லை.

அந்தப் பத்து நிமிடம் நடக்காமல் போனால் என்ன ஆகும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. வற்புறுத்தலாலோ கடும் அச்சத்தாலோ கொடுத்த ஒப்புதல் செல்லாது. அந்தத் திருமணமும் செல்லாது. ஆனால் செல்லாது என்று நிரூபிக்கவேண்டியவள் அவள். மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில், சாட்சிகளோடு. சாட்சிகள் யார்? வற்புறுத்திய அதே வீட்டார். 2015இல் போப் பிரான்சிஸ் சீர்திருத்தும்வரை ஒரு தீர்ப்பாயம் சொன்னதை இன்னொன்றும் ஆமோதிக்கவேண்டியிருந்தது. நாட்டின் சட்டமும் நீண்டகாலம் அவளுக்கு உதவவில்லை. 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி மனைவியின் கள்ள உறவு ஒன்றே கணவனுக்குப் போதும். மனைவிக்கோ கள்ள உறவோடு கொடுமை போன்ற இன்னொன்றும் தேவை. 2001இல்தான் இது திருத்தப்பட்டது. கல்யாணத்துக்கு முன் ஒரு அறையில் கேட்டிருக்கவேண்டிய கேள்வி, பின்னால் ஆண்டுக்கணக்கான வழக்காக அவள் தலையில் விழுகிறது.

ஆகவே கல்யாண ஏற்பாட்டின் பட்டியலைத் திருப்பிப் போடவேண்டும். தேதிக்கும் பூவுக்கும் முன்னால் முதல் வரியாக இருக்கவேண்டியது: பெண்ணிடம் தனியே பேச எந்த நாள், எந்த அறை, யார் பேசுவது. ஆண் குருவிடம் சொல்ல முடியாததைச் சொல்ல, பங்கிலேயே பயிற்சி பெற்ற ஒரு பெண் அந்த அறையில் இருக்கவேண்டும். அவள் வேண்டாம் என்று சொன்னால், அதை வெளியே சொல்லும் சுமை அவள்மேல் விழாமல் பங்கு ஏற்கவேண்டும். இரண்டாவது, ஓலைக்கு விலக்கு உண்டு என்பது திருமணத் தயாரிப்பு வகுப்பில் சொல்லப்படவேண்டும். மூன்றாவது, சடங்குநூல் சொல்கிறபடி இருவரும் சேர்ந்து நடந்து வரலாம். இதற்கு யாருடைய சிறப்பு அனுமதியும் வேண்டாம். நான்காவது, வாசகங்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மணமக்களுக்கு உண்டு. எபேசியர் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்தாலும், மனைவியர் பணிந்திருக்கச் சொல்லும் வரிகள் இல்லாத குறுகிய வடிவத்தை வாசக நூலே தருகிறது.

இவற்றில் முதலாவதைத் தவிர எதற்கும் புதிய ஏற்பாடே தேவையில்லை. முதலாவதற்கும் வேண்டியது ஒரு அறை, சாத்தக்கூடிய ஒரு கதவு, வெளியே காத்திருக்கச் சம்மதிக்கிற ஒரு தகப்பன்.