மருந்தும் அளவும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ பற்றிப் பேசுவோர் பலரும், நோயின் காரணத்தை நாடச் சொல்லும் எட்டாங் குறளையே எடுத்தாள்வர். அதிகாரத்தின் அமைப்போ வேறொன்றை உணர்த்துகின்றது. முதற் குறள் வாத பித்த சிலேத்துமங்களைச் சுட்டுகின்றது. அடுத்த ஆறும் உணவைப் பற்றியன. மருத்துவன் தொழில் எட்டாங் குறளிலேதான் தொடங்குகின்றது. இறுதிக் குறளிலும் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் முதலில் எண்ணப்படுபவன் நோயாளியே.

முதற் குறளிற் கூறிய மிகுதலையும் குறைதலையும் உணவுக்கும் செயலுக்கும் உரியனவாகப் பரிமேலழகர் கொண்டார். அக்குறளைப் பின்வரும் ஆறோடும் இணைப்பது இவ்வுரையே.

சீனத்துத் ‘தாவோ தே ஜிங்’ 81 இயல்களை உடையது. போதுமென்று அறிந்து, நிற்குமிடத்தில் நிற்பவன் நெடிது நிலைப்பான் என்பது அதன் 44ஆம் இயலின் கருத்து. முன்னுண்டது செரித்தமை அறிந்து அளவோடு உண்பதே உடம்பை நெடிது செலுத்தும் வழி என்பது வள்ளுவர் துணிபு. இவ்வொற்றுமை கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததெனல் பொருந்தாது; போகரைச் சீனத்தோடு இணைக்கும் மரபுக்கதையும் அதற்குச் சான்றாகாது.

வேற்றுமையும் கருதத்தக்கது. லாவோட்சு வலிந்து செய்யாமையைப் போற்றினார். வள்ளுவர் அறிந்து செய்தலை வற்புறுத்தினார். முன்னது மனத்தின் விரைவைத் தணிக்கும். பின்னது அன்றாடம் கைக்கொள்ளத்தக்க விதியாகும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மருந்துக் கடைகளுக்குக் குறைவில்லை. ஆயினும் பசியை நோக்காது கடிகாரத்தை நோக்கி உண்பார், எட்டாங் குறளை ஓதுமுன் அதற்கு முற்பட்ட ஆறையும் ஓதுதல் நன்று.