பழவேற்காடு மகிமை மாதா ஆலயம்: வரலாறும் கட்டடமும் - ஒரு மதிப்பீடு

பழவேற்காடு மகிமை மாதா ஆலயம் திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்தில், பழவேற்காடு ஏரிக்கரையில் அமைந்துள்ள கத்தோலிக்கத் திருத்தலம். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தின் மிகப் பழைய ஆலயம் எனப் போற்றப்படுவது. 1515ஆம் ஆண்டு போர்த்துகீசியர் இதை நிறுவினர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

இந்த ஆலயத்தைப் பற்றி எழுதுவோர் பலரும் ‘500 ஆண்டுப் பழமையான தேவாலயம்’ என்ற ஒரே தொடரில் வரலாற்றை முடித்துவிடுகின்றனர். அந்தத் தொடருக்குள் இரண்டு செய்திகள் ஒன்றாக முடிச்சிடப்பட்டுள்ளன. வழிபாட்டு மரபின் வயது ஒன்று, கட்டடத்தின் வயது மற்றொன்று. முதலாவது பெரிதும் ஏற்கத்தக்கது. இரண்டாவதற்குச் சான்றாக நிற்க வேண்டிய சுவர்கள் இன்று இல்லை. பழைய ஆலயம் இந்த நூற்றாண்டில் இடிக்கப்பட்டு, அதனிடத்தில் கான்கிரீட்டில் பெரிய புதிய ஆலயம் எழுப்பப்பட்டுள்ளது. பழமையைக் கேள்விப்பட்டு வரும் பயணி அதைப் பார்த்துக் குழம்புவதில் வியப்பில்லை.

துறைமுகமும் ஆலயமும்

ஆலயம் ஏன் இங்கே தோன்றியது என்பதை அறியத் துறைமுகத்தை அறிய வேண்டும். விசயநகரப் பேரரசின் காலத்தில் பழவேற்காடு சோழமண்டலக் கரையின் முதன்மையான துறைகளுள் ஒன்று. கிருட்டிணதேவராயர் காலத்தில் இதற்கு ஆனந்தராயன் பட்டினம் என்றொரு பெயரும் இருந்தது. இங்கிருந்து வண்ணத்துணிகள் மலாக்காவுக்குச் சென்றன; பெகுவிலிருந்து மாணிக்கக் கற்கள் வந்தன. 1516 வாக்கில் எழுதிய போர்த்துகீசியரான துவார்த்தே பார்போசா இத்துறையையும் இங்கிருந்த இசுலாமிய, இந்து வணிகர்களையும் மாணிக்க வணிகத்தையும் குறிப்பிடுகிறார். 1511இல் மலாக்கா போர்த்துகீசியர் வசமானபின், அங்கிருந்து வரும் கப்பல்களுக்குப் பழவேற்காடு இயல்பான இறங்குதுறை ஆயிற்று.

1517இல் மலாக்காவிலிருந்து வந்த தியோகோ பெர்னாண்டசு என்ற போர்த்துகீசியர் ஆர்மீனிய வணிகர்களுடன் பழவேற்காட்டில் கரையிறங்கினார். அவ்வணிகர்கள்தாம் அவரை மயிலாப்பூருக்கு அழைத்துச் சென்று புனித தோமாவின் கல்லறை எனப்படும் இடத்தைக் காட்டினர். சாந்தோமின் போர்த்துகீசிய வரலாறு அதன்பிறகே தொடங்குகிறது. அந்த வகையில் மயிலாப்பூருக்கான வாசலே பழவேற்காடுதான். சென்னைக் கிறித்தவ வரலாற்றை எழுதுவோர் இதை ஓர் அடிக்குறிப்பாகத் தள்ளிவிடுவது முறையன்று.

1515 என்ற ஆண்டைப் பற்றி ஒரு சொல். அந்நாளில் இங்கே வணிகம் செய்த போர்த்துகீசியருக்கு ஒரு சிற்றாலயம் இருந்திருக்கலாம் என்பது பொருந்தக்கூடியதே. ஆனால் இன்றைய பங்கு ஆலய அளவில் ஒரு கட்டடத்தைக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. மயிலாப்பூர் லஸ் ஆலயத்தில் 1516 என்று கல்வெட்டே இருக்கிறது. அந்த ஆண்டையே ஆய்வாளர் சிலர் ஐயத்தோடு நோக்குகின்றனர். கல்லில் வெட்டிய ஆண்டுக்கே அந்த நிலை என்றால், மரபாக வரும் ஆண்டை ‘மரபுப்படி’ என்ற சொல்லோடு எழுதுவதுதான் நேர்மை. அதனால் ஆலயத்தின் பெருமை ஒரு துளியும் குறையாது.

‘இடைக்காலத் தேவாலயம்’ என்று சிலர் எழுதுவதையும் இங்கே பார்க்கலாம். ஐரோப்பிய வரலாற்றுக் கணக்கில் 1515 இடைக்காலம் முடிந்து மறுமலர்ச்சி நடக்கும் காலம். நம் பாடநூல் கணக்கில் விசயநகர ஆட்சி இடைக்கால இந்தியாவில் அடங்கும். எனவே அச்சொல் தவறில்லை. ஆனால் அதைப் படிக்கும் மாணவர் கோதிக் கோபுரங்களை மனத்தில் கட்டிக்கொண்டால் அதுதான் பிழை.

பெயர்

போர்த்துகீசியர் வைத்த பெயர் ‘நோசா செஞோரா தோசு பிரசேரசு’. நேர்ப்பொருள் ‘மகிழ்ச்சிகளின் அன்னை’. உயிர்த்த இயேசுவைக் கண்ட மரியாளின் மகிழ்ச்சியோடு தொடர்புடைய பெயர் இது. இங்கே அவர் ‘மகிமை மாதா’. மகிழ்ச்சி வேறு, மகிமை வேறு. மொழிபெயர்ப்பில் நேர்ந்த வழுவலா, ஒலி ஒற்றுமையால் நேர்ந்த மாற்றமா என்று வாதிடலாம். கடலுக்குப் போகிறவர்களின் வேண்டுதலுக்கு ‘மகிமை’ பொருத்தமான சொல்லாகப் பட்டிருக்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஏரிக்கரையில் நடுவூர் மாதாகுப்பம் என்று ஓர் ஊரே மாதாவின் பெயரைத் தாங்கியுள்ளது. போர்த்துகீசியர் கட்டிய சுவர் போய்விட்டது; அவர்கள் மொழியிலிருந்து வந்த ஜன்னலும் சாவியும் அலமாரியும் நம் வீட்டில் இருக்கின்றன.

டச்சுக்காரர் காலம்

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கு வந்தது. 1612இல் சாந்தோம் போர்த்துகீசியர் வந்து அவர்களின் பண்டகசாலையைத் தாக்கினர். 1613இல் டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையின் டச்சுத் தலைநகரம் பழவேற்காடுதான். அவர்கள் சீர்திருத்தத் திருச்சபையினர். அவர்களுடைய போதகர் ஆபிரகாம் ரோஜர் 1632 முதல் 1642 வரை இங்கு வாழ்ந்து, பத்மநாபன் என்ற அந்தணரிடம் கேட்டறிந்து எழுதிய நூல் 1651இல் வெளிவந்தது. இந்து சமயத்தைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய தொடக்கால விரிவான நூல்களுள் அது ஒன்று; பர்த்ருஹரியின் பாடல்கள் ஐரோப்பிய மொழிக்குச் சென்றதும் அதன் வழியேதான். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு முற்றாகச் சென்றது. இத்தனை மாற்றங்களுக்கு இடையிலும் மாதா பக்தி இவ்வூரில் அற்றுப்போகவில்லை. கட்டடத்தைவிட வியக்கத்தக்க செய்தி இதுவே. ஆட்சியாளர் ஆதரவு இல்லாத நெடுங்காலத்தில் அதைக் காப்பாற்றியவர்கள் உள்ளூர் மக்கள்.

கட்டடம்

பழவேற்காட்டுக் கட்டடக் கலையை அறிய விரும்புவோர் ஆலயத்தை மட்டும் பார்த்தால் போதாது. செம்புரைக்கல்லால் கட்டப்பட்ட ஆதிநாராயணப் பெருமாள் கோயில் இங்குள்ளது. அதில் இராமாயணக் காட்சிகள் செதுக்கப்பட்டுள்ளன. சூரியக் கடிகாரம் கொண்ட பள்ளிவாசல் உள்ளது. வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம் உள்ளது. சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. ஏரியடியில் படிந்துள்ள சிப்பிகளைச் சுட்டாலே சுண்ணாம்பு கிடைக்கும். செங்கல், செம்புரைக்கல், சிப்பிச் சுண்ணாம்பு மூன்றும் சேர்ந்த கட்டுமானம் உப்புக்காற்றில் மூச்சுவிடும். ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு உப்பு எமன். கடலோரத்தில் முப்பது ஆண்டுகளிலேயே கூரை பெயர்ந்து கம்பி தெரியும் வீடுகளை எந்தக் குப்பத்திலும் காணலாம். உறுதிக்காகப் பழையதை இடிக்கிறோம் என்ற வாதம் இந்த இடத்தில்தான் வலுவிழக்கிறது.

ஆனால் இடித்தவர்களை எளிதாகக் குற்றம் சாட்டுவதும் நியாயமாகாது. ஆலயம் காட்சிக்கூடமன்று. உயிர்ப்பு ஞாயிற்றுக்குப் பின் வரும் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரக் குப்பங்களிலிருந்தெல்லாம் மக்கள் திரளுகின்றனர்; பிற சமயத்தாரும் வருகின்றனர். பழைய கட்டடங்கள் இத்தகைய கூட்டத்துக்காகக் கட்டப்பட்டவை அல்ல. ஒழுகும் கூரையின்கீழ் நிற்பவருக்குப் ‘பாரம்பரியம்’ என்று வெளியூரார் பாடம் நடத்தினால் கோபம்தான் வரும். மேலும் இது புதிய பழக்கமும் அன்று. சாந்தோமில் போர்த்துகீசியர் கட்டிய ஆலயத்தை அகற்றிவிட்டுத்தான் 1896இல் இன்றைய கோதிக் பாணிப் பேராலயத்தைக் கட்டி முடித்தனர். அதை இன்று யாரும் குறை சொல்வதில்லை, அஞ்சலட்டையில் அச்சிடுகிறோம்.

என்றாலும் வேறு வழி இருந்தது. பழைய ஆலயத்தைப் பழுதுபார்த்து அன்றாடத் திருப்பலிக்கு வைத்துக்கொண்டு, பெரிய ஆலயத்தை அருகில் கட்டியிருக்கலாம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் கடலுக்கு மிக அருகில் இருந்தும், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பழுதுபார்க்கப்பட்டு, இன்றும் வழிபாட்டில் உள்ளது. செய்ய முடியாத காரியம் என்று சொல்வதற்கில்லை.

சட்டமும் துணை நிற்கவில்லை. டச்சுக் கல்லறைகள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. அயல்நாட்டு வணிகர்களின் கல்லறைக்குக் கிடைத்த காவல், உள்ளூர் மீனவர் மண்டியிட்ட தலத்துக்குக் கிடைக்கவில்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டம் அறிவிக்கப்பட்ட சின்னங்களைக் காக்கும். வழிபாட்டில் உள்ள தனியார் ஆலயங்கள் பெரும்பாலும் அதற்கு வெளியே நிற்கின்றன. தமிழக அரசின் மரபு ஆணையச் சட்டம் 2012இல்தான் நிறைவேறியது.

இடிந்ததைக் கட்ட முடியாது. பதிவு செய்ய முடியும். மாதாகுப்பத்திலும் கோட்டைக்குப்பத்திலும் பழவேற்காட்டுத் தெருக்களிலும் உள்ள வீடுகளில் திருமணப் படங்கள், புதுநன்மைப் படங்கள் இருக்கும். படத்தில் நிற்பவர்களுக்குப் பின்னால் பழைய ஆலயத்தின் பீடமோ வாயிலோ தூணோ தெரியும். பழைய கூரையின் கீழ் மறைக்கல்வி படித்த பெரியவர்கள் இருக்கிறார்கள்; எந்தக் கதவு எந்தப் பக்கம் இருந்தது, மணி எங்கே தொங்கியது என்று அவர்களால் சொல்ல முடியும். உள்ளூர்ப் பள்ளியின் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கோடை விடுமுறையில் இப்படங்களைக் கைப்பேசியில் படியெடுத்து, படத்தின் ஆண்டையும் அதில் தெரியும் கட்டடப் பகுதியையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தாலே பழைய ஆலயத்தின் தரைப்படத்தை ஓரளவு வரைந்துவிடலாம். பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்த்து எடுக்க வேண்டாம். ஆல்பத்தோடே படியெடுப்பது நல்லது.