‘துணை’ என்னும் அடைமொழி: மரபணுப் படியெடுத்தலில் துணைப் புரதங்கள் குறித்த ஒரு திறனாய்வு

மரபணுவின் இயக்கத்தை மின்விசைக்கு ஒப்பிடுவது அறிவியல் எழுத்தில் பரவலான விளக்கமுறை. படியெடுத்தல் காரணி டி.என்.ஏ.வில் உரிய இடத்தைப் பற்றியதும் மரபணு இயங்கும் என்பது அதன் சாரம். இவ்வொப்புமை எளிது, ஆயின் முழுமையன்று.

மனித உயிரணுவில் டி.என்.ஏ. ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிச் செறிந்துள்ளது. காரணி பிணைந்த பின், டி.என்.ஏ. வரிசையைத் தாமாக இனங்காணாத துணைப் புரதங்களை அது அழைக்கிறது. அவற்றுள் சி.பி.பி., பி300 ஆகியவை ஹிஸ்டோன்களில் அசெட்டைல் தொகுதியைச் சேர்த்துச் செறிவைத் தளர்த்துகின்றன. மீடியேட்டர் என்னும் புரதத் தொகுதி, காரணியை ஆர்.என்.ஏ. பாலிமரேசுடன் இணைக்கிறது. துணை ஒடுக்கிகளோ அசெட்டைலை நீக்கும் நொதிகளைக் கொணர்கின்றன.

மின்விசை ஒப்புமையின் குறையைத் தமாக்சிபென் மருந்து காட்டுகிறது. அது ஈஸ்ட்ரோஜன் ஏற்பியுடன் பிணைந்து, மார்பக உயிரணுவில் துணை ஒடுக்கிகளை ஈர்க்கிறது; கருப்பை உட்சுவர் உயிரணுவிலோ, எஸ்.ஆர்.சி.-1 என்னும் துணை ஊக்கி மிகுந்திருப்பதால், சில மரபணுக்களைத் தூண்டுகிறது. மருந்தும் ஒன்று, ஏற்பியும் ஒன்று. விளைவை வேறுபடுத்துவது துணையே.

இந்நிலையில் ‘துணை’ என்னும் அடைமொழியைச் சிறப்பின்மைப் பொருளில் கொள்வது பிழையாகும். தமிழ் இலக்கணத்தின் துணைவினை இங்குப் பொருத்தமான விளக்கம் தருகிறது. ‘வந்துவிட்டான்’, ‘வந்துகொண்டிருக்கிறான்’ ஆகியவற்றில் முதல்வினை ஒன்றே. செயல் முடிந்ததா, தொடர்கிறதா என்பதைத் துணைவினையே உணர்த்துகிறது. எனினும் இவ்வொப்புமைக்கும் எல்லை உண்டு. துணைவினையைத் தேர்பவர் பேசுவோர். உயிரணுவில் அவ்வாறு தேர்பவர் எவருமில்லை. புரதங்களின் அளவும் ஏற்பியின் வடிவ மாற்றமுமே விளைவை முடிவு செய்கின்றன.

சொல்லின் பொருளைத் தெளிதல் வெறும் கலைச்சொல் விவாதமன்று. சி.பி.பி. மரபணுவின் இரு படிகளுள் ஒன்று பழுதுற்றாலே, அறிவுவளர்ச்சிக் குறைபாடும் அகன்ற கட்டைவிரல்களும் கொண்ட ரூபின்ஸ்டைன்-டெய்பி நோய்க்குறித்தொகுதி தோன்றும் என்பது 1995இல் அறியப்பட்டது. துணையின் அளவு பாதியாகக் குறைவதே உடலமைப்பையும் அறிவையும் தாக்கப் போதுமானதாகிறது. ஆகவே ‘துணைப் புரதம்’ என்னும் சொல் நிலைக்கலாம்; அதனைச் சிறுமைப்படுத்தும் வாசிப்பே மாறவேண்டும்.