பாட்டுக்காக ஒரு பேட்டரி

காரோடு வந்த 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரியைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் அடங்குகிற ஏஜிஎம் பேட்டரி ஒன்றைச் சில மாதங்களாக வைத்திருக்கிறேன். டிக்கியில் 12 அங்குல சப்வூஃபரும் 400 வாட் ஆர்எம்எஸ் மோனோ ஆம்பும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், அமிலம் கண்ணாடியிழைப் பாயில் ஊறியிருப்பதால் சிந்தாது; இதெல்லாம் எல்லோரும் அறிந்ததே. என்னைக் கட்டிப்போட்டது ஒன்றுதான். இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டாலும் பேஸ் தொய்வதில்லை.

வண்டி ஓடும்போது ஆம்புக்குச் சோறு போடுவது ஆல்டர்னேட்டர்தான். 14 வோல்டை ஒட்டி அது கொடுத்துக்கொண்டிருக்கும் வரை பேட்டரிக்குப் பெரிய வேலை இல்லை. சிக்னலில் நிற்கும்போது ஆல்டர்னேட்டரால் முழு ஆம்பியரையும் தர முடியாது. இன்ஜின் நின்றுவிட்டால் பேட்டரி மட்டுமே. பெரும்பாலான ஆம்புகளில் வோல்டேஜ் இறங்கினால் பவரும் இறங்கும், அதுவும் இருமடிக் கணக்கில். 14.4 வோல்டில் 400 வாட் தருவது 12 வோல்டில் ஏறக்குறைய 280 வாட்டுக்கு வந்துவிடும். பழைய பேட்டரியில் தவில் அடி விழும்போதெல்லாம் மீட்டர் 12-க்குக் கீழே போனது, டாஷ்போர்டு விளக்கும் மங்கியது. ஏஜிஎம்மில் உள் மின்தடை குறைவு என்பதால் சரிவும் குறைவு. இளையராஜா பாடல்களில் பேஸ் கிடார் ஒவ்வொரு சுரமாக நடந்து போவதை, ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, இன்ஜின் இரைச்சல் இல்லாமல் கேட்க முடிகிறது. இந்தச் சுகத்துக்காகவே மறுபடியும் வாங்குவேன்.

ஆனால் கடைகளில் பேட்டரி விற்கும் முறை எனக்கு எரிச்சல் தருகிறது. எங்கே போனாலும் சிசிஏ எண்ணைத்தான் காட்டுகிறார்கள். மைனஸ் 18 டிகிரி குளிரில் 30 நொடி எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று சொல்கிற எண் அது. கோயம்புத்தூரில் எந்த மார்கழியில் அந்தக் குளிர் வரும்? பாட்டு கேட்பவர் பார்க்க வேண்டியது ரிசர்வ் கெப்பாசிட்டியை. 25 ஆம்பியர் தொடர்ந்து இழுத்தால் 10.5 வோல்டுக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகும் என்பதே அந்தக் கணக்கு. அதை லேபிளில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. சிலவற்றில் அச்சடிப்பதே இல்லை.

அடுத்த எரிச்சல், பேட்டரிக்குப் பதிலாகத் தலையில் கட்டப் பார்க்கும் ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர். 14.4-லிருந்து 12 வோல்டுக்கு இறங்குவதற்குள் அது தருவது சுமார் 32 ஜூல். 500 வாட் இழுக்கும் ஆம்புக்கு ஒரு நொடியில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு நேரம்தான் வரும். அந்தப் பணத்தில் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு வரும் வயரையும், பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் வயர்களையும் தடித்த சுத்தச் செம்பில் மாற்றலாம். ஓடும்போது மட்டும் கேட்பவருக்குப் பல நேரம் அதுவே போதும், ஏஜிஎம் செலவே தேவையில்லை.

வெயில் ஒன்றுதான் கவலை. சூடு ஏற ஏற ஈய-அமில பேட்டரி எதுவானாலும் ஆயுள் குறையும், ஏஜிஎம்முக்கும் விலக்கு இல்லை. பானெட்டுக்குள் பேட்டரியைச் சுற்றி வரும் வெப்பத் தடுப்பு உறையைப் பல மெக்கானிக்குகள் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். கேட்டு வாங்கித் திரும்பப் போடுங்கள். பழைய பேட்டரி வீணாகிறதே என்று டிக்கியில் வைத்து இதோடு இணைக்க வேண்டாம். சோர்ந்த பேட்டரி புதியதன் சார்ஜை இரவெல்லாம் இழுத்துக்கொண்டே இருக்கும். எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுங்கள்.