அவர் பயந்து தட்டவில்லை

“அடி, அடி!” என்று கரையிலிருந்து கத்துகிறார்கள். அவர் அடிப்பதில்லை. உயர எழும்பி, கையை முழுசாக ஓங்கி, கடைசிக் கணத்தில் விரல்நுனியால் பந்தை வலைக்கு அப்பால் தட்டிவிடுகிறார். புள்ளி கிடைக்கிறது, கைதட்டல் கிடைப்பதில்லை. “கால் போன ஆளு, பயத்துல தட்டுறான்” என்று ஒரு பேச்சு. பெயர் வேண்டாம். யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் கரப்பந்து பார்ப்பவர்களுக்கு ஆள் யாரென்று நான் சொல்லத் தேவையில்லை.

நம் தோட்டத்து ரசிகர்களுக்குத் தழும்பைப் பார்த்தே ஆளை எடைபோட முடியும் என்று ஒரு நினைப்பு. முழங்காலில் கல் கிழித்த வடு இருந்தால் வீரன். பிளாக் போடப் போய்ச் சுண்டுவிரல் கோணியிருந்தால் அதைவிடப் பெரிய வீரன். கவ்வாத்துக் கத்தி பட்ட காலோடு ஆடும் பையனை யாரும் பயந்தவன் என்பதில்லை. கணுக்கால் வீங்கியிருந்தால் மட்டும் ‘ஆளு அவ்வளவுதான்’. இது என்ன நியாயம்?

கரப்பந்தில் அதிகம் அடிபடுவதே கணுக்கால்தான். விதியும் அதற்கு இடம் கொடுக்கிறது. பாதத்தின் ஒரு பகுதி நடுக்கோட்டின் மேல் இருந்தால் போதும், மீதி எதிரணிப் பக்கம் நீண்டாலும் குற்றமில்லை. அடிக்க எழும்பியவர் முன்னே பாய்ந்து இறங்கும் இடத்தில், பிளாக் போட்டவரின் பாதம் ஏற்கெனவே இருக்கும். அதன்மேல் இறங்கினால் கால் திருகிக்கொள்ளும். நம்மவர் பாய்ந்து அடிப்பதில் பெயரெடுத்த காலத்தில் அப்படித்தான் விழுந்தார்.

பிறகு அவர் எடுத்த முடிவைத்தான் ஒருவரும் கவனிப்பதில்லை. எழும்பும் இடத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். வலையை ஒட்டி எழும்புகிறவருக்குப் பந்து தலைக்கு மேலே போய்விடும். எதிரே உயரும் கைகளைப் பார்க்க நேரமிருக்காது. பின்னால் எழும்பினால் பந்தும் அந்தக் கைகளும் ஒரே பார்வையில் விழும். கைகள் சேர்ந்திருந்தால் தட்டு. நடுவே பிளந்திருந்தால் அடி. ஓரக்கை வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் அதிலேயே மோதவிட்டுப் பந்தை வெளியே அனுப்பு. அடிக்கும் பலம் அவரிடம் இன்னும் இருப்பதால்தான் பின்வரிசைக்காரர் குதிகாலில் நிற்கிறார், பந்து அவருக்கு முன்னால் விழுகிறது. மலையை வெட்டிச் சமன்செய்த நம் மைதானங்களில், மழையில் ஊறிய மண்ணில், குதிகாலிலிருந்து முன்னே பாய்ந்து எடுத்துப் பாருங்கள், தெரியும்.

ஓங்கிய கையை நிறுத்துவதும் லேசான வேலையில்லை. அவர் றப்பர் பால் வெட்டுகிறவர். பட்டையைச் சீவும் கத்தி, உள்ளே மரத்தைத் தொடுவதற்கு ஒரு மில்லிமீற்றர் போல முன்னாலேயே நின்றுவிட வேண்டும். தாண்டினால் மரம் காயப்படும். அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளர்ந்து மறுபடி வெட்ட உதவாது. விடியற்காலையில் மரம் மரமாக இதைச் செய்கிற மணிக்கட்டுக்குப் பந்து எம்மாத்திரம்?

1916இல் கொழும்பு வை.எம்.சி.ஏ. மூலம் இங்கே வந்து, 1991இல் தேசிய விளையாட்டான ஆட்டம் இது. வெறும் பலத்தையும் உயரத்தையும் நம்பிய ஆட்டமாக இருந்தால், வலைக்கு மேலே அடிக்கவே அனுமதியில்லாத லிபரோவுக்கு 1998இல் சர்வதேச சம்மேளனம் தனி இடம் கொடுத்திருக்குமா? கொழும்புப் பக்கத்து ஆட்களுக்கு இது விளங்கிவிட்டது. நம் கரையில் நிற்பவர்களுக்குத்தான் இன்னும் சத்தம் கேட்கிற அடி வேண்டும்.

வரும் சித்திரைப் புத்தாண்டுச் சுற்றுப்போட்டிகளில் நடக்கப்போவதைச் சொல்கிறேன். தட்டைப் பிடிக்க எதிரணிகள் ஒருவரை மூன்று மீற்றர் கோட்டுக்கு இழுத்து நிறுத்தும். பின்மூலை திறக்கும். அவர் அடிப்பார். உடனே ‘கால் சுகமாயிருச்சு’ என்பார்கள். கால் அப்படியேதான் இருக்கும். மே மாதம் மழை இறுகியதும் தட்டு இன்னும் அதிகமாக எடுபடும். இரண்டு பருவத்துக்குள், கணுக்காலில் ஒரு கீறலும் படாத பையன்கள்கூட அவரைப் பார்த்துப் பின்னால் எழும்பப் பழகியிருப்பார்கள்.

நகரத்து அணிகளுக்கு, நான் யார் பக்கம் என்பது தெரிந்தாலும், ஒரு யோசனை. அவருக்கு எதிரே உங்கள் உயரமான ஆளை நிறுத்தாதீர்கள். அந்த நீளமான கைகளில் பட்டுத்தான் அவருடைய பந்து வெளியே போகப்போகிறது.