கோர் கோர் பச்சை முத்திரை ரம்

கோர் கோர் பச்சை முத்திரை, ஜப்பானின் ஒகினாவா மாகாணத்தைச் சேர்ந்த மினாமி டைட்டோ தீவில் வடிக்கப்படும் ரம். கரும்புச்சாற்றிலிருந்து நேரடியாகச் செய்யப்படுவது. மரப்பீப்பாயில் முதிர்விக்கப்படாததால் நிறமற்றது. ஆல்கஹால் அளவு 40 சதவீதம்.

பின்புலம்

மினாமி டைட்டோ, ஒகினாவா முதன்மைத் தீவுக்குக் கிழக்கே சுமார் 360 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பவளத் தீவு. 1900-ல் ஹச்சிஜோ தீவிலிருந்து வந்தவர்கள் இங்கே குடியேறினர். அதன்பின் கரும்பே தீவின் முதன்மைப் பயிரானது. கின்ஜோ யூகோ 2004-ல் கிரேஸ் ரம் நிறுவனத்தை இங்கே தொடங்கினார். பழைய விமான நிலையக் கட்டடம் வடிசாலையாக மாற்றப்பட்டது. பவளம், மகுடம் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதல் அசைகளே பெயரில் உள்ளன.

ஜப்பானின் அமாமி தீவுகளிலும் கரும்பிலிருந்து மது வடிக்கப்படுகிறது. ஆனால் அது கரும்புவெல்லத்துடன் அரிசிக் கோஜி சேர்த்து நொதிக்க வைக்கும் ஷோச்சு வகை. கோர் கோரில் கோஜி இல்லை. அது முழுமையான ரம்.

இரு முத்திரைகள்

சிவப்பு முத்திரை, சர்க்கரை ஆலையில் எஞ்சும் மொலாசஸிலிருந்து வடிக்கப்படுகிறது. மொலாசஸைச் சேமித்து வைக்கலாம். கரும்புச்சாறு சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும் என்பதால் பச்சை முத்திரையை அறுவடைக் காலத்தில் மட்டுமே செய்ய முடியும்.

சுவை

பச்சை முத்திரையின் மணத்தில் முதலில் எழுவது இனிப்பு அல்ல. உப்புநீரில் ஊறிய ஆலிவ் காயின் நெடி. அதன்பின் நறுக்கிய புல், பச்சைக் கரும்புத் தோகை. நாவில் இனிப்பின்றி, சற்றே எண்ணெய்ப் பசையுடன் பரவுகிறது. சிவப்பில் கருகிய சர்க்கரையின் வாசனை மேலோங்குகிறது. ஐஸ் சேர்த்தால் இந்த வேறுபாடு மங்கிவிடும். குவிந்த வாயுள்ள சிறு கோப்பையில் முதலில் தனியாகவும், பின் சில துளி நீர் விட்டும் சுவைப்பதே பொருத்தம்.

மதிப்பீடு

இந்த உப்புச் சாயலைக் கடற்காற்றின் கொடை என்று சொல்வது எளிது, ஆனால் சரியல்ல. உப்பு ஆவியாகி வாலையைக் கடப்பதில்லை. நாக்கு உப்பு என்று உணர்வது பெரும்பாலும் நொதித்தலில் பிறந்த நறுமணச் சேர்மங்களின் விளைவு. இந்த ரம்மின் தனித்தன்மைக்கான பாராட்டு நிலக்காட்சிக்கு அல்ல, சாற்றைப் புளிக்கவைத்து வடித்தவர்களின் கைத்திறனுக்கே உரியது.

குறையும் உண்டு. மார்த்தினிக் தீவின் கரும்புச்சாற்று வெள்ளை ரம்கள் பெரும்பாலும் 50 சதவீதமும் அதற்கு மேலும் வலுவுள்ளவை. அவற்றோடு ஒப்பிட்டால் பச்சை முத்திரை தொடக்கத்தில் காட்டும் அழுத்தம் இறுதிவரை நீடிப்பதில்லை. 40 சதவீதம் என்ற அளவு இதன் மணத்துக்குப் போதவில்லை.

முதிர்விக்கப்படாத ரம் என்றால் முழுமையடையாதது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பீப்பாய் வெனிலாவையும் நிறத்தையும் தரும். நொதித்தலின் பிழைகளை ஓரளவு மறைக்கவும் செய்யும். பச்சை முத்திரைக்கு அந்த மறைப்பு இல்லை. கரும்பும் நொதித்தலும் வடிப்பும் மட்டுமே அதில் உள்ளன. அவை மூன்றும் போதும் என்று நிறுவுவதே இதன் முக்கியத்துவம்.