நகராத அலை

கடலில் அலைதான் பயணம் போகும். தண்ணீர் கிடந்த இடத்திலேயே எழுந்து தணியும். தூரத்தில் மிதக்கும் தேங்காய் மட்டையைச் சற்று நேரம் பார்த்தாலே தெரிந்துவிடும். லீ வேலியில் நான் கண்டது இதற்கு நேர்மாறு. தண்ணீர் தலைதெறிக்க ஓடுகிறது, அலை நின்ற இடத்தில் நிற்கிறது. காலையில் பாலத்திலிருந்து பார்த்த அந்தத் திமில், அதே உயரம், அதே சாய்வு, உச்சியில் அதே கிழிந்த நுரையோடு மதியமும் அங்கேயே இருந்தது. அதற்குள் எத்தனை தண்ணீர் அதைக் கடந்து போயிருக்கும்!

லண்டனுக்கு வடக்கே, வால்தம் கிராஸ் அருகே, 2012 ஒலிம்பிக்கின் கனோ ஸ்லாலம் போட்டிக்காகக் கட்டிய ஓடை இது. போட்டிக்கு முந்தைய ஆண்டே பொதுமக்களைப் படகில் ஏற்றிவிட்டார்கள். பெரிய ஓடையின் நீளம் 300 மீட்டர், இறக்கம் 5.5 மீட்டர். இரண்டு மாடி உயரம்கூட இல்லை. அடியில் உள்ள ஏரியிலிருந்து பம்புகள் தண்ணீரை மேலே தள்ள, அது உருண்டு வந்து மறுபடி ஏரியிலேயே விழுகிறது. நொடிக்கு 13,000 லிட்டர்: பெரிய தண்ணீர் லாரி ஒன்றை ஒவ்வொரு நொடியும் கவிழ்ப்பதாக நினைத்துக்கொள்ளலாம்.

அலையை நிற்க வைப்பவை தரையில் பொருத்திய பிளாஸ்டிக் கட்டைகள். 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்காக ஆக்ஸ்பர்க்கில் கட்டிய பழைய ஓடையில் தடைகள் கான்கிரீட், வைத்தது வைத்ததுதான். இங்கே கழற்றலாம், நகர்த்தலாம். வீணைக்கு மேளம் கட்டுகிறவர் மெழுகில் மெட்டை ஒரு நூல் தள்ளி, மீட்டிப் பார்த்து, மறுபடி தள்ளுவாரே, அந்த வேலை. ஒரு கட்டை தள்ளினால் ஓர் அலை இடப்பக்கம் சாய்கிறது.

இரண்டு கட்டைகளுக்கு நடுவே தண்ணீர் குறுகி, வழவழவென்று பச்சை நாக்காக நீள்கிறது. படகு அதில் ஏறியதும் சத்தம்கூடக் குறைந்தாற்போல் இருக்கும். நாக்கின் நுனியில்தான் குழி. வேகத்தோடு வந்த மெல்லிய நீர் அடியில் புகுந்துவிட, மேல்நீர் பின்னால் புரண்டு, வந்த திசைக்கே திரும்பி விழுகிறது. தயிர் கடையும்போது மத்தைச் சுற்றி எழுமே, அந்த வெண்மை. ரப்பர் படகின் மூக்கு அதில் மோதி, ஒரு கணம், போவதா நிற்பதா என்று தயங்கும். எனக்கு அந்த நாளின் ருசியே அந்தத் தயக்கம்தான். பிறகு வழிகாட்டிப் பெண் போடும் ஒரு அதட்டல், எட்டுத் துடுப்பு, முகத்தில் ஒரு வாளி குளிர்.

கட்டைக்குப் பின்னால் இன்னொரு அதிசயம். இரண்டடி தள்ளி உறுமல். இங்கே ஒரு இலை சாவகாசமாக வட்டமடிக்கிறது. ஓட்டம் விட்டுப்போன வெற்றிடத்தை நிரப்பத் தண்ணீர் மேல்நோக்கித் திரும்புகிறது. துடுப்பைத் தூக்கி வைத்துவிட்டால்கூடப் படகு தானாக எதிர்த்திசையில் ஊர்கிறது. சிவப்பு வெள்ளைக் கம்பங்களுக்கு இடையே மேல்நோக்கி நுழைய வேண்டிய போட்டியாளர்கள் நம்பியிருப்பது இந்த எதிரோட்டத்தைத்தான். 2012 ஒலிம்பிக்கின் இருவர் படகுப் போட்டியில் டிம் பெய்லியும் எட்டியன் ஸ்டாட்டும் ஆறு ஜோடிகளில் கடைசியாக இறுதிச்சுற்றுக்குள் நுழைந்து, தங்கத்தோடு கரையேறியது இதே ஓடையில்.

இரண்டாம் இறக்கத்தில் நான் விழுந்தேன். காலைக் குறுக்குக் குழாய்க்கு அடியில் செருகச் சொல்லியிருந்தார்கள். வேடிக்கை பார்த்த மயக்கத்தில் மறந்தேன். உள்ளே கோலி சோடா உடைத்ததுபோல் காதெல்லாம் சீறல், வாயில் ஏரிப்பாசி வாசனை. நுரையில் பாதி காற்று, அதனால் மிதவைச் சட்டைக்கும் பிடிமானம் போதவில்லை. நுரை தாண்டிய பிறகுதான் அது என்னைத் தூக்கிவிட்டது.

கீழே வந்ததும் படகை ஆளோடு சேர்த்துப் பட்டை ஒன்று மேலே இழுத்துச் செல்கிறது, விமான நிலையத்துப் பெட்டிபோல. மலையாற்றில் பழகியவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். மலையாற்றில் ஓர் அலையைக் கடந்தால் கடந்ததுதான், திரும்பிப் போக வழியில்லை. இங்கே அதே அலைக்கு நான்கு முறை போனேன். நிரவலில் பாடகர் ஒரே வரிக்குத் திரும்பத் திரும்ப வருவதுபோல, முதல்முறை வெறும் அடி, இரண்டாம் முறை முழுக்கு, மூன்றாம் முறைதான் அதன் வலத்தோள் சற்றுத் தாழ்ந்திருப்பது கண்ணில் பட்டது. நான்காம் முறை அந்தத் தோள் வழியாகவே போனோம், ஒரு சொட்டும் உள்ளே விழவில்லை.

உடை மாற்றி வந்தபோது பம்புகளை நிறுத்தியிருந்தார்கள். ஈரக் கான்கிரீட்டில் கட்டைகள் வரிசையாக நின்றன. என் அலை இருந்த இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். ஒரு வாத்து அதைக் குறுக்கே நடந்து கடந்துகொண்டிருந்தது.